கிழக்குக்கரையில் கோலத் திரங்கானு வரை 4 நாள் கார்ப் பயணம்: கடல் தெரியும் சாலை எது?

ஈசூன்_கார்:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில் மலேசியாவின் கிழக்குக்கரைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், 6 வயது மகள், இந்தியாவிலிருந்து வரும் அப்பா அம்மா. உட்லண்ட்ஸ் வழியாக எல்லை தாண்டி கோத்தா திங்கி, மெர்சிங், குவாந்தான், கோலத் திரங்கானு, திரும்ப அதே வழி. நான்கு நாள். வரைபடத்தில் 3ஆம் எண் சாலை கடலை ஒட்டியே போவதுபோலத் தெரிகிறது. வழி நெடுகக் கடல் பார்த்துக்கொண்டே போக முடியுமா? எல்லையிலும் பெட்ரோல் விஷயத்திலும் எதை மறந்தால் மாட்டிக்கொள்வோம்? அம்மா சுத்த சைவம். அப்பாவால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது.

நெய்தல்_வழி:
முதலில் மாதத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை இழுக்கும். டிசம்பரும் ஜனவரியும்தான் உச்சம். கோத்தா திங்கி, மெர்சிங், ரொம்பின், பெக்கான், கெமாமான் எல்லாமே ஆற்றங்கரை ஊர்கள். மழை விடாமல் பெய்யும் நாளில் கடல் ஏற்றமும் சேர்ந்தால் ஆற்று நீர் வடிய இடமில்லாமல் ஊருக்குள் ஏறிவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரண்டு முறை மூழ்கியது. மெர்சிங்குக்கும் பெக்கானுக்கும் நடுவே சாலை அடைபட்டால் அருகில் மாற்று வழி கிடையாது, உள்நாட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். வயதானவர்களோடு அது வேண்டாம். வெள்ளம் வராவிட்டாலும் கடல் கலங்கிக் கிடக்கும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும், காலை நனைக்கக்கூட முடியாது. ஜூன் விடுமுறையில் போங்கள். டிசம்பர்தான் என்றால் மலாக்கா, போர்ட் டிக்சன் என்று மேற்குக் கரைக்குத் திருப்புங்கள்.

இப்போது சாலை. 3ஆம் எண் சாலையைப் பலரும் கடலோரச் சாலை என்றே நினைத்துக் கிளம்புகிறார்கள். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்குச் செம்பனைத் தோட்டமும் காடும்தான், ஒரு சொட்டுக் கடல் தெரியாது. அந்தப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும். எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. விளக்குக் கம்பமும் இல்லை, ஆகவே இருட்டில் ஓட்டாதீர்கள். மெர்சிங்கில் கடலைப் பார்ப்பீர்கள். ஊரைத் தாண்டி வடக்கே ஆயர் பாப்பான் கரைக்குக் கிளைச் சாலை பிரியும், அங்கே அரை மணி நேரம் நில்லுங்கள். எண்டாவ், ரொம்பின், நெனாசி, பெக்கான் வரை சாலை கடலுக்குப் பக்கத்தில்தான் போகும். ஆனால் சவுக்குத் தோப்பும் வீடுகளும் மறைத்துவிடும்.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் சாலை திரங்கானு மாநிலத்தில் இருக்கிறது. கெமாசிக், கெர்த்தே, பாக்கா, டுங்குன், ராந்தாவ் ஆபாங், மாராங். இந்த வரிசையில்தான் பழைய 3ஆம் எண் சாலை பல இடங்களில் மணலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கெமாசிக்கில் பாறைக் குன்றும் வளைந்த கரையும் சேர்ந்து இருக்கும், அதைத் தவற விடாதீர்கள். இந்தத் துண்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் குவாந்தான் வரை சுமார் 325 கிலோமீட்டர். அதை வெறும் பயணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோத்தா திங்கி, மெர்சிங், ரொம்பின், பெக்கான் என்று நிறுத்தினால் அப்பாவுக்கும் கால் நீட்ட இடம் கிடைக்கும். ஓட்டும் நேரம் மட்டும் ஐந்தரை மணிக்குக் குறையாது.

துவாஸ்_வழி:
நெய்தல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், திசை ரொம்ப முக்கியம். இடப்பக்கம் ஓட்டுகிறோம். வடக்கே போகும்போது கடல் உங்கள் வலப்பக்கம், எதிர்வண்டிகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும், திரும்ப ஏறும்போதும் அப்படியே. தெற்கே வரும்போது கடல் இடப்பக்கம், சட்டென்று ஒதுக்கி நிறுத்திவிடலாம். அதனால் இரண்டாம் நாள் குவாந்தானிலிருந்து கிழக்குக்கரை விரைவுச்சாலையில் கோலத் திரங்கானுக்குப் போய்விடுங்கள். அது உள்நாட்டுப் பக்கம் போகும் கட்டணச் சாலை, கடல் தெரியாது, ஆனால் இரண்டரை மணி நேரத்தில் முடியும். மூன்றாம் நாள் காலை மெதுவாகக் கிளம்பி மாராங்கிலிருந்து பழைய சாலையில் தெற்கே இறங்குங்கள். காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் தண்ணீர் கண் கூசும். பிற்பகலில் வெயில் முதுகுப்பக்கம் போனதும் நீலம் எடுப்பாகத் தெரியும். கெமாசிக்குக்குப் பிற்பகல் வந்துசேர்ந்தால் சரியாக இருக்கும். இருட்டுவதற்குள் குவாந்தானுக்கு வடக்கே உள்ள செராத்திங்கைப் பிடித்துவிடுங்கள். கிராமங்களை ஒட்டிய இடங்களில் மாடுகள் சாலையில் படுத்துக் கிடக்கும்.

எல்லை விஷயம். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியைப் (VEP) பதிந்து அதன் வில்லையை வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். ஒவ்வொரு நுழைவுக்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் டச் அண்ட் கோ அட்டையில் பிடிப்பார்கள். அட்டையில் 100 ரிங்கிட்டாவது இருக்கட்டும். சாவடியில் பணம் போதாமல் நின்றால் பின்னால் வரிசையே நின்றுவிடும்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது, குறைந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். கணக்குப் போட்டால் அதுவே உங்களுக்கு வசதி: 50 லிட்டர் தொட்டியில் முக்கால் என்றால் 37 லிட்டர், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்தாலும் 460 கிலோமீட்டர் போகும். குவாந்தான் வரை நிரப்பவே தேவையில்லை. மலேசியாவில் ரான் 97 ரகப் பெட்ரோல் மட்டும் போடுங்கள், பச்சைக் கைப்பிடி. மஞ்சள் கைப்பிடி ரான் 95, மானியப் பெட்ரோல்; வெளிநாட்டு வண்டிக்கு 2010 முதல் தடை. பம்பில் கடன் அட்டையைச் செருகினால் பெரிய தொகையைப் பிடித்துவைத்துச் சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். உள்ளே கவுண்டரில் தொகையைச் சொல்லிக் கட்டுவது நல்லது.

இந்தியக் கடப்பிதழ் என்பதால் பெற்றோருக்கு மூன்று வேலை. சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று எடுத்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் திரும்பி வரும்போது உட்லண்ட்ஸில் நின்றுவிடுவார்கள். அவசரத்தில் பலர் கோட்டை விடுவது இதைத்தான். அடுத்து, மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், நீங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் உங்களுக்கு வேண்டாம். திரும்பும்போது அவர்களுக்கு சிங்கப்பூர் வருகை அட்டை புதிதாகப் போட வேண்டும். மலேசிய விசா விதி காலத்துக்குக் காலம் மாறும், பயணத் தேதிக்கு எது நடப்போ அதைப் பாருங்கள்.

ஈசூன்_கார்:
மிக்க நன்றி. ஜூனுக்கே மாற்றிவிடுகிறோம். நாங்கள் இருவரும் குடிமக்கள்தான். எந்தக் கிழமை கிளம்பலாம்? ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் வண்டிக்கு என்ன பார்க்க வேண்டும்? சாப்பாடு?

நெய்தல்_வழி:
ஞாயிறு விடியற்காலை. ஜோகூரில் 2025 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. திரங்கானுவில் வெள்ளி, சனி. ஞாயிறு கிளம்பினால் கடற்பாலத்தில் பெருங்கூட்டம் சிங்கப்பூர் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். செவ்வாய்க்கிழமை திரங்கானுக் கரைகளில் ஆளிருக்காது. புதன் மாலை வீடு திரும்பலாம்.

வண்டியில் டயர்தான் முதல் வேலை. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஒட்டியில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கும், அந்த அளவுக்கு ஏற்றுங்கள். சுமையோடு குறைந்த காற்றில் 110இல் ஓடினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். பின்பெட்டியைத் திறந்து மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஒட்டும் திரவப் புட்டி மட்டும்தான். அது ஆணித் துளைக்கு உதவும், குழியில் விழுந்து கிழிந்த பக்கச்சுவருக்கு உதவாது. செம்பனை லாரிகள் ஓடும் சாலையில் குழிகள் உண்டு. காப்புறுதியில் மேற்கு மலேசியாவில் வண்டியை இழுத்து வருவதும் கண்ணாடியும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள்.

அப்பாவை முன்னால் உட்காரவையுங்கள். மகளின் உயர இருக்கை (பூஸ்டர்) பின்னால் ஓரத்தில் இருக்கட்டும், நடுவில் வைத்தால் இருபுறமும் இடிக்கும். பின்னிருக்கை வாரும் அங்கே கட்டாயம். 3ஆம் எண் போன்ற கூட்டரசுச் சாலையில் 90தான் வேகம், ஊருக்குள் பலகை பார்த்துக் குறையுங்கள். இரட்டை வெள்ளைக் கோட்டில் முந்தாதீர்கள்.

இட்லிப்பொடி:
சாப்பாட்டுக்கு நான். குவாந்தானில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, அதற்கு வடக்கே அம்மாவுக்குக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். ரொட்டி சானாய் எங்கும் கிடைக்கும், தொட்டுக்கொள்ளத் தரும் குழம்பில் மீனோ கறியோ இருக்கலாம். சர்க்கரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காய்கறிப் பிரட்டலில்கூட பெலாச்சானும் (இறால் விழுது) நெத்திலியும் சேரும். "சாயோர் சாஜா" என்று மட்டும் சொன்னால் காய்தான் வரும், ஆனால் பெலாச்சானோடு வரும். "தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் ஈக்கான் பிலிஸ், தாக் மாவ் ஊடாங்" (பெலாச்சான் வேண்டாம், நெத்திலி வேண்டாம், இறால் வேண்டாம்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். கெரோப்போக் லெக்கோர் மீனில் செய்வது, அம்மாவுக்கு வேண்டாம், உங்களுக்குச் சுடச்சுட.

முதல் நாளுக்குப் புளியோதரை, இரண்டாம் நாளுக்கு எண்ணெய் தாராளமாக விட்ட சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் தாங்கும். தயிர்ச் சாதம் எடுத்தால் நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள், நிறுத்திய காருக்குள் சீக்கிரம் புளித்துவிடும். அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்கிறதா என்று முன்பதிவிலேயே கேட்டுக்கொண்டு ரவா உப்புமா மாவை வறுத்துத் தாளித்து எடுத்துப் போனால், வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தாலே போதும்.