பி.ஏ. பொருளியலா, பி.பி.ஏ.வா: எதில் சேரலாம்?

பள்ளிபாளையம் மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல் பிரிவெடுத்து இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறேன். நான்காவது பாடமாகக் கணினிப் பயன்பாடுகளை எடுத்ததால் வணிகக் கணிதம் படிக்கவில்லை. எனக்குப் பிடித்த பாடம் பொருளியல். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனின் வட்டியான ரெப்போ விகிதம் ஏறியபோது எங்கள் வீட்டுக் கடனின் தவணைக்காலம் ஏன் நீண்டது என்று அப்பாவுக்கு விளக்க முடிந்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. விசைத்தறி வைத்திருக்கும் அப்பாவோ, மேலாண்மை இளங்கலையான பி.பி.ஏ. தொழிலுக்கும் உதவும், எம்.பி.ஏ.வுக்கும் வழி விடும் என்கிறார். பொருளியல் படித்தவருக்கு ஆசிரியர் வேலையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்ற அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வரைகோடு:
தம்பி, நான் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் பொருளியலில் முடித்தவன். இளங்கலையின் மூன்றாண்டுகளிலும் கையில் உள்ள பணத்துக்குள் ஒருவர் எதை எவ்வளவு வாங்குவார் என்று காட்ட, சமநோக்கு வளைகோடு வரவுசெலவுக் கோட்டைத் தொடும் படத்தைப் பென்சிலால் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முதுகலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதே தொடுபுள்ளியை நுண்கணிதத்தின் பகுதி வகைக்கெழுவால் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எனக்குக் கை ஓடவில்லை. மேற்படிப்பில் பொருளியல் பெரும்பாலும் கணிதத்தின் மொழியில்தான் பேசும். டெல்லிப் பல்கலைக்கழகம் பி.ஏ. பொருளியல் ஆனர்ஸ் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கேட்பது இதனால்தான்.

அப்பாவின் கேள்விக்கும் பதில் உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும், ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான கிரேடு பி அதிகாரிப் பணியும் முதன்மையாகப் பொருளியல் படித்தவர்களுக்காக உள்ளவை. ஆனால் இரண்டுக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதால், மூன்று ஆண்டு என்று கணக்குப் போடாமல் ஐந்து ஆண்டு என்று போடுங்கள்.

திருப்பூர் நூல்:
பி.பி.ஏ., எம்.பி.ஏ. முடித்து, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில், வாங்குவோரிடம் விலை பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஒரு டீ-ஷர்ட்டுக்கு நூல், சாயம், தையல்கூலி, வீணாகும் துணி என்று விலை போட்டுக் கொடுக்கும்போது எனக்குக் கைகொடுப்பது அடக்கவிலைக் கணக்கியல் ஒன்றுதான். மேலாண்மைக்கு அறிஞர்கள் தந்த வரையறைகளை மனப்பாடம் செய்தது தேர்வோடு போயிற்று. எம்.பி.ஏ.வின் முதல் பருவத்தில் அதையே மீண்டும் படிக்க நேர்ந்தபோது, இளங்கலையில் வேறு ஏதேனும் படித்திருக்கலாமே என்று தோன்றியது. ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வுக்கு எந்தப் பட்டமாயினும் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு மதிப்பெண் போதும் என்பதால், எம்.பி.ஏ.வுக்காகவே பி.பி.ஏ. படிக்க வேண்டியதில்லை என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

படிப்பை நீட்டாமல் மூன்றாண்டில் வேலைக்குப் போக வேண்டிய குடும்பச் சூழல் என்றால் என் பதில் மாறும், அப்போது பி.பி.ஏ. நல்லது. 2024-25 முதல் இப்படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டதால், சேரும் கல்லூரிக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தறித் தொழிலை எந்தக் கல்லூரியும் கற்றுத் தரப் போவதில்லை. நூல் விலை ஏறும் வாரத்தில் அப்பா யாரிடம் கடன் சொல்கிறார் என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

பள்ளிபாளையம் மாணவன்:
இருவருக்கும் நன்றி. ஐந்து ஆண்டு படிக்க வைக்க அப்பாவால் முடியும். இரண்டு கல்லூரிகளின் பி.ஏ. பாடத்திட்டங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பொருளியலுக்கான கணிதம் இரண்டு பருவங்களுக்கும், அதைத் தொடர்ந்து புள்ளியியலும் இருக்கின்றன. மற்றொன்றில் புள்ளியியல் மட்டும் ஒரு பருவம் வருகிறது. முதல் கல்லூரி என்றால் என்னால் ஈடுகொடுக்க முடியுமா, அண்ணா?

வரைகோடு:
அதைச் சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணித நூலை அரசின் பாடநூல் தளத்தில் இலவசமாகவே பதிவிறக்கலாம். அதில் வகை நுண்கணிதத்தையும், அடுத்து வரும் அதன் பயன்பாடுகளையும் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள்; இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி என்று நீங்கள் பொருளியலில் படித்தவையே அங்கே கணக்குகளாக வரும். விடை தவறினால் கவலை வேண்டாம். தவறிய கணக்கை மறுநாள் மீண்டும் போட மனம் வருகிறதா என்பதை மட்டும் இங்கே வந்து சொல்லுங்கள்.