பழைய மடிக்கணினி: பழுது பார்த்தீர்களா, மாற்றினீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செந்தூல் டீச்சர்

நோய் என்னவென்று விளக்கத் தேவையில்லை, இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பசியாறி முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். 2016இல் வாங்கிய மடிக்கணினி. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட்டால் போதும் என்பது சக ஆசிரியரின் கட்சி. அந்தக் காசைப் புதியதில் போடு என்பது வீட்டுக்காரரின் கட்சி. இந்த இழுபறியோடுதான் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவின் மேல்தளத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வயதில் பெரியவர், தமிழர். நான் விலை கேட்க வாயைத் திறப்பதற்குள் மடிக்கணினியை இயக்கி, அப்படியே தூக்கிக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார். சுற்றிலும் கூட்டம், எதிர்க்கடையில் பாட்டு, இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பிறகு என் பக்கம் நீட்டி, "நீங்களும் கேளுங்கள் அம்மா" என்றார். கேட்டேன். டிக். ஒரு இடைவெளி. மறுபடியும் டிக், டிக்.

"பழுதா புதியதா என்பதைப் பிறகு பேசலாம். இதில் இருப்பவை வேறு எங்கேயாவது இருக்கின்றனவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே அணைத்துவிட்டார். இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டும் மறுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை. இம்பி மோனோரயில் நிலையம் வரை அந்தப் பையை முட்டைத் தட்டு போல இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். எந்தக் கேள்வியோடு போனேனோ அதற்கு இன்னும் விடையில்லை. யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஜெலுத்தோங் வாசி

எனக்கு டிஸ்க் இல்லை டீச்சர், பேட்டரி. டச்பேட் ஒரு பக்கம் எழும்பி நின்றது, சொடுக்கினால் அசையவே இல்லை. மூடினாலும் சரியாக மூடவில்லை. பினாங்கு கொம்தாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைக்கப் போனேன். அங்கிருந்த பையன் கையை நீட்டித் தடுத்தான். வெளியே நடைபாதைத் தரையில் வைக்கச் சொல்லி, தானும் வந்து குந்தி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான். வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகளை மலாயில் அதட்டி விரட்டினான். உள்ளே பேட்டரி வீங்கி, உறை மினுமினுத்துக்கொண்டிருந்தது. இரும்புக் கருவி எதையும் தொடாமல், பழைய தொலைபேசி அட்டை ஒன்றைச் செருகி அங்குலம் அங்குலமாக நெம்பினான். அந்த நேரம் முழுவதும் நான் மூச்சுவிட்டேனா என்று தெரியவில்லை.

புதிய பேட்டரி போட்டு, விசிறியில் அடைத்திருந்த தூசியையும் தட்டிக் கொடுத்தான். மெதுவும் பாதி குறைந்தது. பேட்டரி சரியில்லை என்று தெரிந்தால் சில மடிக்கணினிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் என்றும் அவன்தான் சொன்னான். இயந்திரம் இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் டச்பேட் லேசாக அழுந்தினாலே கை பின்வாங்குகிறது.

ரவாங் ரயில்

டீச்சர், குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காதில் வைத்துக் கேட்பது நல்ல நாடகம், சோதனை ஆகாது. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நலமா, எச்சரிக்கையா, ஆபத்தா என்று நிறத்தோடு காட்டும். கெட்டுப்போன பகுதிகளை விலக்கிவிட்டு மாற்றுப் பகுதிகளுக்கு எத்தனை முறை தாவியிருக்கிறது என்ற எண்ணும் அதில் இருக்கும்.

என் கதை சின்னது. 2017இல் வாங்கியது, இன்டெல் ஐ7 செயலி, ஏழாம் தலைமுறை. குதிரை (அப்படித்தான் என் மகன் கூப்பிடுவான்). மெதுவே கிடையாது. விண்டோஸ் 11 போடப் போனால், "இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்று ஒரு வரி. என் தம்பியிடம் இருப்பதோ எட்டாம் தலைமுறையின் மலிவான செலரான் செயலி, திறக்கும்போதே முனகும். அதைத் தகுதியுள்ளது என்று ஏற்றுக்கொண்டது. இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே மெதுவா இல்லையா என்பதை விட்டுவிட்டு எல்லாரும் முதலில் பார்க்க வேண்டியது செயலியின் தலைமுறை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டு, அதற்கு மேல். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் காசு கேட்பதில்லை. உங்கள் 2016 இயந்திரத்துக்கு எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், ஆயுள் வராது.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். எந்த வேலையும் செய்யாதபோதே டிஸ்க் நூறு விழுக்காட்டில் நின்றால் கோளாறு டிஸ்க்கில். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் மடிக்கணினி டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் படிக்கும், அதுவும் ஒரே வரிசையில் இருந்தால். சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. டிஸ்க் சும்மா இருந்து, ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) நிரம்பி வழிந்தால் ரேம் சேர்க்க வேண்டும். வாங்குமுன் டிடிஆர்3எல் வகையா, டிடிஆர்4 வகையா என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. சில மெலிந்த மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், அங்கே கையே வைக்க முடியாது. மலிவு மாடல்களில் இஎம்எம்சி என்ற சேமிப்பகமும் அப்படித்தான். இதோடு, 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறுமுகம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் வாரிக்கொண்டு போகின்றன. போன வருடம் யாரோ சொன்ன விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

எதுவும் சரிப்படவில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். இலவசம்.

ஆயர் ஈத்தாம் பெண்

மேலே உள்ளதைப் படித்துக் களைத்துவிட்டேன். என் விஷயத்தைச் சொல்கிறேன்.

சார்ஜர் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும், விட்டால் போய்விடும். மெதுவும் உண்டு. ஜார்ஜ்டவுனில் ஒரு கடை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழி. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியதே வாங்கலாம், சரி விட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

கடையில் இருந்த இளைஞரும் முதலாளியும் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அரைகுறை. அம்மாவுக்கு முழுதாகத் தெரியும். அவர் பாயான் லெப்பாஸ் ஆலையில் வேலை பார்த்தவர், வரிசையில் பக்கத்து நாற்காலி முழுக்க ஹொக்கியன்தான். (1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் திறந்தது. அம்மா இருந்தது வேறு ஆலை, ஆனால் எங்கள் வீட்டில் எல்லாம் அந்தக் காலக்கணக்குதான்.) இளைஞர் சொன்னது இது: சார்ஜர் குத்தும் இடத்தில் ஈயப் பற்று விட்டிருக்கிறது, பற்றவைத்தால் சரியாகிவிடும், பற்றவைக்கும் ஆள் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வருவாரா தெரியாது.

அம்மா ஹொக்கியனிலேயே பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை, முதலாளியின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. அடுத்த நிமிடம் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர்களுடைய பூதக்கண்ணாடி விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பற்றுக்கோலின் முனையைப் பார்த்து, "இது என்ன, முனையே கறுத்துக் கிடக்கிறது" என்று தமிழில் என்னிடம் குறைப்பட்டார். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். கை நடுங்கவில்லை. வீட்டில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது நடுங்கும் அதே கை.

சார்ஜ் ஏறியது. முதலாளி காசு வாங்கவில்லை, அம்மாதான் கடைக்காரருக்கு ஐந்து வெள்ளி கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார், ஈயச் செலவாம்.

மடிக்கணினி இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. மாற்றலாமா என்று வீட்டில் கேட்க வாய் வரவில்லை.

மூன்று பிள்ளைகளின் தந்தை

ரவாங் அண்ணன், கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு விஷயம். டிக் டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்கை இயக்கி, மென்பொருளைத் திறந்து, நிறம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளே படிக்கும் முனை தட்டிலேயே உரசிக்கொண்டிருக்கலாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் அழிகிறது. அந்தப் பெரியவர் உடனே அணைத்ததுதான் சரி. நீங்கள் சொன்ன ஸ்மார்ட், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு.

இரண்டாவது, எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் லினக்ஸ் போடச் சொல்வது. பள்ளி வேலைகள் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் உலாவி வழியாக நடக்கும், அது சரிதான். ஆசிரியர் அனுப்பும் பவர்பாயிண்ட் கோப்பு திறந்ததும் தமிழ் எழுத்துரு சிதறி ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும்போது நள்ளிரவில் யார் உட்கார்ந்து சரிசெய்வது? அப்பாதான்.

நாங்கள் பழுதும் பார்க்கவில்லை, புதியதும் வாங்கவில்லை. அலுவலகங்களில் ஓடிக் கழிந்து, துடைத்துச் சீராக்கி விற்கும் மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். உறுதியான உடம்பு, நல்ல விலை. ஜப்பானிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் தன் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினாள். 'அட்' குறி வர வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி வந்து நின்றது. தட்டினாள், அழித்தாள், தட்டினாள். பிறகுதான் விசைகளில் ஜப்பானிய எழுத்துகள் இருப்பதை எல்லாரும் குனிந்து பார்த்தோம். 'அட்' குறி 'பி'க்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அன்றைக்கு மகள் என்னைப் பார்த்த பார்வை! மொழி அமைப்பில் மாற்றலாம், மாற்றிவிட்டோம். விசையின் மேல் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் வருவது ஒன்று. அவள் பழகிவிட்டாள். நான் இன்னும் அதைத் தொடுவதில்லை.

ரவாங் ரயில்

தமிழ் எழுத்துரு சிதறுவது லினக்ஸின் குற்றம் அன்று. ஒருங்குறி (யூனிகோட்) இல்லாத பழைய எழுத்துருவில் ஆசிரியர் தட்டச்சு செய்கிறார் என்று பொருள். அந்த எழுத்துரு இல்லாத எந்த விண்டோஸிலும் அது சிதறும். டிஸ்க்கைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

கணக்குப் பேரேடு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புதியதுதான் என்று முடிவு செய்தால் ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை உண்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் கணினியும் அதில் அடங்கும். கைத்தொலைபேசி, புத்தகம், மாதாந்திர இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500க்குள்தான், தனித்தனியாக இல்லை. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே வரிக் கணக்கு கொடுத்தால், அதிக வரி விகிதத்தில் இருப்பவர் பெயரில் ரசீது வருவதே லாபம். தொழிலுக்குப் பயன்படுத்துவதை இதில் காட்டக் கூடாது. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது மங்கிவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

எனக்குச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை, அலுவலகத்திலேயே மடிக்கணினி கொடுத்துவிடுகிறார்கள்.

கிள்ளான் அக்கா

பழுது பார்க்கக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. கொடுக்கும்போது எட்டு ஜிபி ரேம், திரும்பி வந்தபோது நான்கு. கோலாலம்பூரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். "முதலிலேயே நான்குதான் இருந்தது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் கைத்தொலைபேசியை எடுத்து, கொடுப்பதற்கு முன் எடுத்துவைத்திருந்த மடிக்கணினித் திரையின் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரேமை எடுத்து நீட்டினார். அது என்னுடையதா, வேறு யாருடையதா? இழுப்பறைக்குள் இன்னும் நிறைய இருந்தன. அதைத்தான் மறக்க முடியவில்லை.

தரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பேன். மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். இதைக் கடைக்காரரிடமும் சொன்னேன், இழுப்பறை திறந்தது அதற்குப் பிறகுதானா என்பது சரியாக நினைவில்லை.

ஜெலுத்தோங் வாசி

ஆயர் ஈத்தாம் சகோதரி, உங்கள் அம்மா வெளிவேலை எடுத்துக்கொள்வாரா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் தங்கையின் மடிக்கணினிக்கும் அதே நோய்.

ஆயர் ஈத்தாம் பெண்

கேட்டேன். "முனை சுத்தமாக இருந்தால் வருகிறேன்" என்கிறார்.

செந்தூல் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. டிஸ்க்கை வெளியே எடுத்து, வேறு கணினியில் இணைத்து, முக்கியமான கோப்புகளை முதலில், படங்களைப் பிறகு என்று அந்தப் பெரியவரே எடுத்துக் கொடுத்தார். வினாத்தாள்கள் எல்லாம் வந்துவிட்டன, 2018ஆம் ஆண்டுப் படங்களில் பாதி வரவில்லை. விண்டோஸ் தேதிகளைப் பார்த்த பிறகு இந்த இயந்திரத்தில் காசு போட மனம் வரவில்லை. புதியது வாங்குகிறேன், ரசீது வீட்டுக்காரர் பெயரில். வாங்கச் சொன்னவரும் அவர்தானே.