மறு: 'அம்பின் முதுகெலும்பு' – தொய்வெண் என்று வைத்தால் என்ன?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வேட்டை அம்பின் உறுப்புகளையும் அதைச் சரிசெய்யும் முறையையும் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு, கட்டுரையை எழுதும் ஐயா தொடங்கிய இழை இது. கீழே மேற்கோளாக வரும் வரிகள் அவருடைய வரைவிலிருந்து எடுத்தவை. "இந்தியாவில் வேட்டையே கூடாதே, இதற்கெல்லாம் தமிழ் எதற்கு?" என்று நடுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சரி. பனிச்சறுக்கு என்றுகூடத்தான் சொல் வைத்திருக்கிறோம், சென்னையில் பனியா கொட்டுகிறது? சொல்லுக்கு வருவோம்.

> ஸ்பைன்: முதுகெலும்பு, அல்லது தண்டு விறைப்பு

ஸ்பைன் என்பது அம்புத் தண்டு எவ்வளவு வளையும் என்று காட்டும் அளவு. முதுகெலும்பை விட்டுவிடலாம், அதற்கு யாரும் வாதாடவில்லை. 'விறைப்பு' பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் எண் வந்ததும் காலை வாரிவிடும். இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அவற்றின் மேல் அம்புத் தண்டைக் கிடத்தி, நட்டநடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் தொய்ந்தால் 500 என்று எழுதுவார்கள். 0.3 அங்குலம் தொய்ந்தால் 300. எண் ஏற ஏறத் தண்டு இளகலாகிறது. 'விறைப்பெண் 500' என்று எழுதினால், 300ஐவிட அது முரட்டுத் தண்டு என்றுதானே படிப்பவர் நினைப்பார்? அளப்பது தொய்வை, பெயரும் தொய்வெண் என்றே இருக்கட்டும். 500 கூடுதலாகத் தொய்யும், 300 குறைவாகத் தொய்யும். விளக்கவுரையே தேவையில்லை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. மேசையில் அளப்பது நிலைத் தொய்வு. வில்லிலிருந்து விடுபடும் கணத்தில் அதே தண்டு எவ்வளவு வளைகிறது என்பது இயங்கு தொய்வு. தண்டு நீளமானால், முனை கனத்தால், வில்லின் இழுவை கூடினால் இயங்கு தொய்வு கூடும். ஒரே தண்டில் 100 கிரெய்ன் முனையைக் கழற்றிவிட்டு 125 மாட்டினால், அம்பு வேறு அம்பு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான். (வரைவில் '100 தானியம்' என்று இருக்கிறது. அது எடை அளவு, ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். நகைக்கடையில் குன்றிமணி சொன்ன ஊர் நாம், தானியத்தில் எடை சொல்வது விளங்காமல் இல்லை. ஆனாலும் கட்டுரையைப் படிப்பவர் அம்பு நுனியில் கேழ்வரகைக் கட்டுவதாக நினைத்துக்கொள்வார். கிரெய்ன் என்றே விடுங்கள்.)

> பிராட்ஹெட்: அகல்தலை / பகழி / வாளி

பிராட்ஹெட் என்பது வெட்டும் தகடுகள் வைத்த வேட்டை அம்பு முனை. வாளி கம்பன் காலத்தில் அம்புதான். இன்றைக்கு அது குழாயடியில் வரிசையில் நிற்கிறது, மீட்டு வருவது கஷ்டம். பகழி அழகான சொல், ஆனால் அது முழு அம்பையும் குறிக்கும். வல்வில் ஓரி எய்த பகழி யானையில் தொடங்கி உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூறு 152 சொல்வது முழு அம்பைத்தான். அதை நுனிக்கு மட்டும் ஒதுக்க வேண்டாம். அகல்தலையில் தவறில்லை, ஆனால் சிக்கல் அகலத்தில் இல்லை, அலகில், அதாவது அந்த வெட்டும் தகட்டில் இருக்கிறது. பயிற்சிமுனை உருண்டையாக ஒடுங்கி இருப்பதால் காற்று அதைப் பிடித்துத் திருப்ப இடமில்லை. வேட்டைமுனையில் இரண்டோ மூன்றோ அலகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அம்பு கொஞ்சம் சாய்ந்து கிளம்பினாலும் அந்த அலகுகள் முன்பக்கச் சிறகாக மாறி அம்பைத் தங்கள் பக்கம் இழுக்கும், வாலிலிருக்கும் இறகு அதை எதிர்த்து நேராக்கப் பார்க்கும். இந்த இழுபறிதான் முழுக் கட்டுரையும். அதனால் 'அலகுமுனை' என் வாக்கு.

அப்புறம் பெரிய சண்டை. டியூனிங், அதாவது அம்பு கோணாமல் பறக்கும்படி அம்பையும் வில்லையும் சரிசெய்வது.

'அம்பு நேராக்கல்' பொருந்தாது. தண்டை அனலில் காட்டி நிமிர்த்துவது தனி வேலை, இங்கே தண்டு ஏற்கெனவே நேராகத்தான் இருக்கிறது. 'வில்லிசைவு' என்று மதுரை நண்பர் சொன்னது பொருளில் சரி. ஆனால் வேகமாகப் படிக்கும்போது வில்லிசையாகிவிடும், நாகர்கோவில்காரர்கள் குடமும் கையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் சைக்கிள் கடையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கச் சொல்கிறேன்: கோட்டம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு எங்கே ஆடுகிறது என்று கோட்டம் பார்ப்பார்கள், பிறகு கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுப்பார்கள். பழந்தமிழிலும் கோட்டம் என்றால் வளைவு, கோணல். கடைத்தெருவிலும் ஏட்டிலும் ஒரே பொருளோடு உயிருள்ள சொல் எத்தனை கிடைக்கும்?

அலகுமுனை வேலையில் இரண்டு கட்டம் உண்டு, இரண்டுக்கும் இது பொருந்துகிறது. முதலில், முனையை மாட்டிய அம்பை நுனி கீழே ஊன்ற நிறுத்தியோ, உருளைகளில் கிடத்தியோ சுழற்றிப் பார்ப்பது. நுனி வட்டம் போட்டால் முனை தண்டோடு ஒரே கோட்டில் அமரவில்லை என்று பொருள். இது 'அம்புக் கோட்டம் பார்த்தல்'. இதை முடிக்காமல் வில்லில் கை வைக்கக் கூடாது என்பதைக் கட்டுரையில் அழுத்தியே எழுதுங்கள். இரண்டாவது, ஒரே எடையுள்ள பயிற்சிமுனையையும் அலகுமுனையையும் ஒரே குறியில் எய்து, இரண்டும் எங்கெங்கே தைக்கின்றன என்று ஒப்பிடுவது. பல்சக்கர வில்லில் (காம்பவுண்ட் வில்), அலகுமுனை அம்புகள் இடப்பக்கம் ஒதுங்கினால், வில்லில் அம்பு அமரும் அம்புதாங்கியை மயிரிழை அளவு வலப்பக்கம் நகர்த்துவார்கள், அதாவது பயிற்சிமுனை தைத்த திசைக்கு. கீழே தைத்தால் தாங்கியைக் கொஞ்சம் உயர்த்துவார்கள். மறுபடி எய்வார்கள். இரண்டும் ஒரே இடத்தில் தைக்கும்வரை இதே வேலை. இது 'பாய்ச்சல் கோட்டம் எடுத்தல்'. எவ்வளவு நகர்த்தியும் இரண்டும் சேரவில்லையென்றால் தொய்வெண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சின்னச் சொற்கள்: தண்டு, இறகு இரண்டிலும் மாற்றுக் கருத்து இருக்காது. 'நாக்' என்பதை வரைவில் ஓரிடத்தில் 'நாக்கு' என்று தட்டியிருக்கிறீர்கள், திருத்திவிடுங்கள். விற்குதை என்றால் வில் நுனியில் நாண் மாட்டும் வெட்டு. அம்பின் அடியில் நாண் கவ்வும் வெட்டுக்கு 'அம்புக்குதை' என்று அதையே நீட்டலாம்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று: பறக்கும்போது மடங்கியிருந்து தைக்கும்போது விரியும் முனை. 'விரியலகு முனை' என்று போட்டுப் பார்த்தேன், நாக்கில் உருளவில்லை. இதைவிடக் குட்டையாக யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஐயா வரைவைப் பதிவேற்றுமுன் சேர்த்துவிடலாம்.