மெயின் ரோடு ராத்திரி வேலை: சம்மதமா, ஆட்சேபணையா? (தெருக் குழு உரையாடல்)

சாரதா அக்கா (செயலாளர்), இரவு 7:42
எல்லாரும் கவனிங்க. மெயின் ரோட்டைச் சுரண்டிட்டுப் புதுசா தார் போடப் போறாங்க. 1.2 கிலோமீட்டர், 10 ராத்திரி, 9 மணியிலிருந்து விடிகாலை 5:30 வரை. நம்ம ஊர் சத்த விதிப்படி 10 மணிக்கு மேல 6 மணி வரைக்கும் மெஷின் ஓட்டக்கூடாது. அதுக்குத்தான் விலக்கு கேட்டு நோட்டீஸ். நம்ம கருத்து நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள எழுத்துல போகணும்.

ஹரி, 7:44
"ஆட்சேபிக்கிறோம்"னு ஒரே வரி போதும். விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

முருகேசன் அண்ணன், 7:51
ஒரே வரியில முடிக்காதீங்க தம்பி. ஹாட் மிக்ஸ், அதாவது சூடான தார்க்கலவை, பிளான்ட்டிலிருந்து வரும்போது 140-150 டிகிரி இருக்கும். ரோலர் வேலையை 80 டிகிரிக்குக் கீழ போறதுக்குள்ள முடிச்சாகணும். அதுக்கப்புறம் எத்தனை தடவை உருட்டினாலும் அமுங்காது. பகல்ல டிப்பர் டிராஃபிக்ல மாட்டினா பேவர், அதாவது கலவையை விரிக்கற மெஷின், நடு ரோட்டுல சும்மா நிக்கும். நின்ன இடத்துல கலவை ஆறிப்போய் ஒரு மேடு விழும், ஜாயின்ட் சரியா ஒட்டாது, அதுல தண்ணி இறங்கும். ரெண்டு மழைக்காலத்துல அங்கேயே குழி. திரும்ப அதே மெஷின், அதே நோட்டீஸ். ராத்திரி கேக்குறதுல நியாயம் இருக்கு.

முருகேசன் அண்ணன், 7:52
ஆனா "சரி"ன்னு ஒரே வரியில எழுதினாலும் தப்புதான். எட்டரை மணி நேரமும் ஒரே அளவு சத்தம் இல்ல. எந்த மெஷின் எந்த மணிக்குன்னு நாம கேக்கலைன்னா அவங்க வசதிக்குத்தான் வரும்.

ஹரி, 7:53
அதுக்கு எதுக்குங்க இவ்வளவு? இத்தனை டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு போட்டா முடிஞ்சுது.

பிரியா, 8:02
அந்த வரம்பு இங்க செல்லாது, கணக்கைப் பாருங்க. அமெரிக்க கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் கருவி வாரியா ஒரு அட்டவணை வச்சிருக்கு. 50 அடி தள்ளி, அதாவது சுமார் 15 மீட்டர்ல அளந்த உச்ச சத்தம். கான்கிரீட் கட்டர் 90 டெசிபல், ஜாக்ஹாமர் 89, ஜெனரேட்டர் 81, ரோலர் 80, பேவர் 77, டிப்பர் 76. ரோட்டைச் சுரண்டுற மெஷினோட சத்தமும் கட்டர் அளவுக்குப் பக்கத்துலதான் வரும். தூரம் பாதியானா 6 டெசிபல் ஏறும். ரோட்டை ஒட்டின வீடுகள் 7-8 மீட்டர்ல இருக்கு, அங்க ஜாக்ஹாமர் 95. சாதாரண ஜன்னலை மூடினா 20-25 குறையும், திறந்திருந்தா 10-15தான். மூடின ரூமுக்குள்ள 70 வருது.

பிரியா, 8:03
உலக சுகாதார நிறுவனம் 1999ல சொன்னது, படுக்கையறைக்குள்ள சராசரி 30, ஒரு தடவை வர்ற சத்தம் 45க்கு மேல போகக்கூடாதுன்னு. எங்க 45, எங்க 70. 45னு வரம்பு போட்டா முதல் ராத்திரியே மீறல். 70னு போட்டா நாமே கையெழுத்துப் போட்டு அனுமதிச்ச மாதிரி. 2009ல அவங்க சொன்ன 40 டெசிபல் ஒரு வருஷத்து ராத்திரிகளோட சராசரி, ரெண்டு மூணு நாள் வேலைக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. நகர்ற மெஷினுக்கு டெசிபல் கேக்காதீங்க, மணி கேளுங்க.

ராமசாமி ஐயா, 8:06
10 ராத்திரியும் தூக்கம் போயிடுமா?

முருகேசன் அண்ணன், 8:15
இல்லைங்க ஐயா. 10ங்கறது ரோட்டுக்கு. வீட்டுக்குன்னு பாத்தா குறைவு.
ஒரு ராத்திரிக்கு ஒரு லேன், 300 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 50 மி.மீ. கனம்னு வைங்க. 52.5 கன மீட்டர் வரும். அமுங்கின கலவை கன மீட்டருக்கு சுமார் 2.4 டன். ஆக 126 டன், 20 டன் டிப்பர்ல 7 லோடு. சுரண்டி எடுக்கறதும் கிட்டத்தட்ட அதே எடை, அதுக்கு ஒரு 6-7 வண்டி. ரெண்டு லேனுக்கும் சேர்த்து 8 ராத்திரி. மிச்சம் 2 ராத்திரி கோடு போடவும் மேன்ஹோல் மூடி உயர்த்தவும்.
உங்க வாசல்ல மெஷின் நிக்கிறது ரெண்டே ராத்திரி, லேனுக்கு ஒண்ணு. பக்கத்து 300 மீட்டர்ல நடக்கும்போது அரைகுறையா கேக்கும். அதனால "10 இரவுகள்"னு பொதுவா ஒத்துக்காம, எந்தத் தேதி எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரைக்கும்னு அட்டவணை கேளுங்க. கைக்குழந்தை இருக்கற வீடு, உடம்பு முடியாதவங்க இருக்கற வீடு, அந்த ரெண்டு நாளுக்கு மட்டும் வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்.

ஹரி, 8:17
இது நோட்டீஸ்ல இல்லவே இல்லையே

முருகேசன் அண்ணன், 8:17
அதான் கேக்கணும்

சாரதா அக்கா, 8:19
சரி, மணி கணக்குக்கு வாங்க. எதை எத்தனை மணிக்குள்ள முடிக்கச் சொல்லலாம்?

முருகேசன் அண்ணன், 8:33
9 மணிக்கு கோன் வைக்க ஆரம்பிப்பாங்க, அரை மணி போயிடும். மில்லிங், அதாவது ரோட்டைச் சுரண்டறது, அந்த மெஷினோட டிரம் 2 மீட்டர் அகலம்னா ஒரு லேனுக்கு ரெண்டு தடவை ஓடணும். நிமிஷத்துக்கு 5 மீட்டர் போனா ஒரு ஓட்டம் ஒரு மணி நேரம். 9:30க்குத் தொட்டா 11:30க்கு முடியும். கூட்டுற வண்டி பின்னாடியே வரும், 12. அப்புறம் டாக் கோட், அதாவது பழைய தளமும் புதுசும் ஒட்டறதுக்கான தார்க்கரைசல். அடிச்ச உடனே பழுப்பா இருக்கும், தண்ணி விட்டு கறுப்பாகற வரைக்கும் மேல கலவை போடக்கூடாது. கறுக்கறதுக்கு முன்னாடி டிப்பர் ஏறினா டயர்லயே ஒட்டிக்கிட்டு வந்துடும். 12:45க்கு பேவர் ஓடினா 2:30க்குள்ள 300 மீட்டர் விரிச்சிடலாம். 3:15க்கு கடைசி ரோலர். மேற்பரப்பு 50-60 டிகிரிக்குக் கீழ ஆறினதும் வண்டி விடலாம்.

இதுல மோசமான சத்தம் மில்லிங். அது முன்னாடியே வர்றது நம்ம அதிர்ஷ்டம். ரோடு மூடறதை 8:30க்கு மாத்தச் சொன்னா சுரண்டற வேலை 11க்கே முடிஞ்சிடும். அரை மணி டிராஃபிக் தொல்லை, ஆனா தூக்கம் மிஞ்சும். நான் அதைத்தான் கேப்பேன்.

ஹரி, 8:36
அப்போ "2 மணிக்கு மேல எந்த வேலையும் கூடாது"ன்னு சேர்த்துடலாமே

முருகேசன் அண்ணன், 8:44
அங்கதான் எல்லாரும் தப்பு பண்றது. மில்லிங்கை எந்த நிமிஷமும் நிறுத்தலாம். சுரண்டின விளிம்புல கொஞ்சம் கலவை போட்டுச் சரிவு பண்ணிட்டா காலையில வண்டி ஏறி இறங்கும். ஆனா பேவர் ஓடும்போது நிறுத்தினா ரெண்டு மூணு டிப்பர் கலவை சூடோட ரோட்டுல நிக்குது. ஆறினா குப்பை, இல்லைன்னா ஆறினதையே கொட்டி உருட்டுவாங்க. ரெண்டாவதுதான் நடக்கும். 50 மி.மீ. கனம், ராத்திரிக் காத்து, ரோலருக்குக் கிடைக்கிறதே 15-20 நிமிஷம்.
அதனால "2 மணிக்கு நிறுத்து"ன்னு எழுதாம "கடைசி லோடு 1:30க்குள்ள பிளான்ட்டை விட்டுக் கிளம்பியிருக்கணும்"னு எழுதுங்க. தாமதமானா நீளத்தைக் குறைக்கணும், நேரத்தை நீட்டக்கூடாது. மில்லிங் மெஷின் நடுவுல ரிப்பேரா? சுரண்டின வரைக்கும் தளம் போட்டுட்டு மீதி மறுநாள். நள்ளிரவு 1 மணிக்கு ரிப்பேர் முடிஞ்சு திரும்ப டிரம் தரையைத் தொடக்கூடாது.

பிரியா, 8:47
இதை அப்படியே எழுதிக்கோங்க அக்கா. இது ஒண்ணு மட்டும் கிடைச்சாலும் போதும்.

ராமசாமி ஐயா, 8:50
ரோலர் வந்தா ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடும். சுவர் விரிசல் விடுமா?

முருகேசன் அண்ணன், 8:59
ரோலரோட அதிர்வு முழு வேகத்துல இருக்கும்போது அவ்வளவு ஆடாதுங்க ஐயா. அதிர்வைப் போடும்போதும் அணைக்கும்போதும்தான் பாருங்க. டிரம்முக்குள்ள சுத்துற எடை கீழ் வேகத்தைக் கடந்து ஏறும், இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் ஜன்னலோட இயல்பான ஆட்டத்தோட ஒத்துப்போய் கடகடக்கும். திசை மாத்த நிக்கும்போது அதிர்வை அணைக்கணும், வீட்டு வாசல்ல நின்னு போட்டு அணைச்சு விளையாடக் கூடாது.
அதிர்வே வேண்டாம்னும் எழுதாதீங்க. சூடா இருக்கும்போது முதல் ரெண்டு மூணு ஓட்டத்துக்கு அது வேணும், இல்லைன்னா உள்ள காத்து இடைவெளி நிக்கும். அதிர்வோட உயர வீச்சைக் குறைச்சு அதிர்வு வேகத்தைக் கூட்டி வைக்கச் சொல்லலாம். ஆசிலேஷன் டிரம் ரோலர் கிடைச்சா இன்னும் நல்லது, அது மேலும் கீழும் குத்தாம முன்னும் பின்னும் தேய்க்கும். அதுக்கப்புறம் டயர் ரோலர், கடைசியா அதிர்வில்லாத இரும்பு ரோலர்.

பிரியா, 9:03
விரிசல் விடற அளவுக்கு ரொம்ப முன்னாடியே மனுஷனுக்கு அதிர்வு தெரிஞ்சிடும் ஐயா. வீட்டுக்குள்ள நொடிக்கு 0.3 மி.மீ. போதும், உணருவோம். பயப்படற அளவு இல்ல. இருந்தாலும் இப்பவே உங்க சுவர்ல இருக்கற விரிசலை, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வச்சிடுங்க. வேலைக்கு அப்புறம் எடுத்த போட்டோ மட்டும் இருந்தா எதையும் நிரூபிக்க முடியாது.

ராமசாமி ஐயா, 9:04
சரிம்மா

ஹரி, 9:06
மில்லிங் கூட ஒரே மாதிரி உறுமல், பழகிடும். அந்த ரிவர்ஸ் ஹாரன் பீப் பீப்தான் உயிரை எடுக்கும்

பிரியா, 9:12
சரியாச் சொன்னீங்க. ஒரே சுரத்துல விட்டு விட்டு வர்ற ஒலியைக் காது தேடிப்பிடிக்கும், சராசரி கணக்குல அது தெரியவே தெரியாது. அதுக்கு மாத்து இருக்கு, 'கஷ் கஷ்'னு இரைச்சல் மாதிரி வர்ற அலாரம். வண்டிக்குப் பின்னாடி நிக்கறவருக்கு நல்லாக் கேக்கும், தள்ளிப் போனா சீக்கிரம் கரைஞ்சிடும். அலாரமே அணைச்சிடுங்கன்னு கேக்காதீங்க, ராத்திரி ரோட்டுல நிக்கற ஆளோட உயிர் அது. டிப்பர் ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளியேற வழி வச்சாலே பாதி ரிவர்ஸ் குறையும்.

முருகேசன் அண்ணன், 9:16
இன்னொண்ணு, டிப்பர் பின்கதவு. கொட்டி முடிச்சதும் ஒட்டியிருக்கறதை உதற கதவை ரெண்டு தட்டு தட்டுவாங்க. 2 மணிக்கு அது வெடி மாதிரி இருக்கும். மண்வெட்டியால சுரண்டி எடுக்கணும்னு எழுதுங்க. சிரிப்பா இருக்கும், ஆனா எழுதினாத்தான் சூபர்வைசர் சொல்லுவார்.

சாரதா அக்கா, 9:18
மேன்ஹோல் வேலை?

முருகேசன் அண்ணன், 9:23
கட்டரும் ஜாக்ஹாமரும் அங்கதான் வரும். அது சூட்டோட போட்டி போடற வேலை இல்ல, ஒவ்வொரு மூடியும் தனித்தனி. பகல்லயே ஒரு மூடியைச் சுத்தி கோன் வச்சுப் பண்ணலாம். ராத்திரி 9க்கு மேல வேண்டவே வேண்டாம்னு உறுதியா நில்லுங்க. இதுக்கும் சேர்த்து விலக்கு கேட்டிருந்தா, அதை மட்டும் ஆட்சேபிங்க.

பிரியா, 9:27
ஜெனரேட்டருக்கு மட்டும் டெசிபல் வரம்பு கேக்கலாம், ஒரே இடத்துல நிக்கறதாச்சே. மூடின கூண்டு உள்ளது, வீட்டு ஜன்னலுக்கு நேரா நிறுத்தக்கூடாது. சுத்தி கனமான தடுப்பு வச்சா, ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடுவுல பார்வை மறைஞ்சாலே ஒரு 5 டெசிபல் குறையும். அடியில இடைவெளி விட்டா வீண். மேல் மாடிக்கு அது உதவாது, அங்கிருந்து தடுப்புக்கு மேலாகவே தெரியும். விளக்குக் கம்பமும் கீழ் நோக்கித் திரும்பியிருக்கணும்.

பிரியா, 9:29
போன் ஆப்ல அளந்து சண்டைக்குப் போகாதீங்க ப்ளீஸ். மீட்டர் வேணும். இப்போ வேலை இல்லாத ராத்திரியில, அதே மணிக்கு, அதே ஜன்னல் பக்கத்துல 15 நிமிஷ சராசரி எடுத்து வச்சாத்தான் பின்னாடி ஒப்பிட முடியும்.

*இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது*

ஹரி, 9:31
(வேற குழுவுக்குப் போக வேண்டியது, மன்னிக்கவும்)

ஹரி, 9:32
மழை வந்தா? 10 நாள்ங்கறது 15 ஆகும்

முருகேசன் அண்ணன், 9:36
ஈரத்துல டாக் கோட் ஒட்டாது, நிறுத்தித்தான் ஆகணும். அதுக்கு 2 மாற்று ராத்திரி, தேதியோட, இப்பவே சொல்லணும். "வேலை முடியும் வரை"ன்னு எழுதின அனுமதிக்குக் கடைசியே கிடையாது. "அவசரம்"ங்கற வார்த்தையையும் கட்டிப்போடுங்க. குடிநீர்க் குழாய் உடையறது, கேஸ் கசிவு, ரோடு உள்வாங்கறது, இது அவசரம். லாரி லேட்டா வந்தது அவசரம் இல்ல.

சாரதா அக்கா, 9:58
வரைவு பாருங்க:

"கீழ்க்காணும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரவு வேலைக்குச் சம்மதிக்கிறோம். சாலையை இரவு 8:30க்கு மூடி, சுரண்டும் வேலையை 11:00க்குள் முடிக்க வேண்டும். பழுது ஏற்பட்டாலும் அதற்கு மேல் தொடரக்கூடாது. கடைசி லோடு 1:30க்குள் பிளான்ட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். தாமதமானால் அன்றைய நீளத்தைக் குறைக்க வேண்டும். கட்டர், ஜாக்ஹாமர் வேலைகளுக்கு விலக்கு தரக்கூடாது. எந்தத் தேதியில் எந்தப் பகுதி என்ற அட்டவணை 7 நாள் முன்பும், மாற்றம் இருந்தால் 48 மணி நேரம் முன்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும். மழைக்கான 2 மாற்று இரவுகளைத் தேதியோடு குறிக்க வேண்டும். இரைச்சல் வகை ரிவர்ஸ் அலாரம், கூண்டுள்ள ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் செல்ல எப்போதும் வழி. இரவு முழுவதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்."

பிரியா, 10:03
கடைசி வரியில "வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் எடுக்க வேண்டும்"னு மாத்துங்க. இல்லைன்னா யாரோ ஒருத்தர் குறிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டு வச்சிடுவார். நாமும் கூப்பிடும்போது "சத்தமா இருக்கு"ன்னு சொல்லக்கூடாது. மணி, கம்ப எண், எந்த மெஷின், இந்த மூணும்.

முருகேசன் அண்ணன், 10:04
பின்கதவு?

சாரதா அக்கா, 10:05
விட்டுட்டேன். அதையும் ரோலர் அதிர்வையும் ஜெனரேட்டர் வரம்பையும் சேர்க்கறேன்.

ராமசாமி ஐயா, 10:11
ஒண்ணு விட்டுப்போச்சு. விடிகாலை 5 மணிக்கு கோனை எடுத்து வண்டியில வீசுவாங்க. மெஷின் எல்லாம் நின்ன பிறகு அதுவும் ஆளுங்க கத்தறதும்தான் கேக்கும். அப்பத்தான் கண் அசந்திருக்கும்.

சாரதா அக்கா, 10:14
"கோன்களை வீசாமல் அடுக்க வேண்டும், கூப்பிட்டுப் பேசாமல் வாக்கி டாக்கியில் பேச வேண்டும்." சேர்த்துட்டேன் ஐயா. காலையில 9 மணிக்குக் கையெழுத்துக்குக் கொண்டு வரேன், முதல் கையெழுத்து உங்களது.

ஹரி, 10:15
ரெண்டாவது நான்