மகன் கடகடவெண்டு வாசிக்கிறான், ஆனா ஒண்டும் விளங்கேல்ல. என்ன புத்தகம் குடுக்கலாம்?

உப்புவெளி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 4, அடுத்த வருசம் தரம் 5 ஸ்கொலஷிப் சோதினை. பாடப்புத்தகத்தக் குடுத்தா கடகடவெண்டு வாசிப்பான், எழுத்துப் பிழையே விடமாட்டான், ஆனா வாசிச்சு முடிய ஒரு கேள்வி கேட்டா முழிச்சுக்கொண்டு நிப்பான். நேற்று ஒரு பந்தி, வயசான மீன்பிடிக்காரர் ஒராள் தன்ட வலைய வித்துப்போட்டு மகளுக்கு சைக்கிள் வாங்கிக் குடுக்கிறார். அழகா சத்தமா வாசிச்சான். ஏன் வலைய வித்தவர் எண்டு கேட்டா "வலை பழசு" எண்டுறான், அப்பிடி ஒரு வரி அதில இல்லவே இல்ல.

இன்னொண்டு, எங்கட மச்சாள். 90ல இடம்பெயர்ந்ததோட அவவின்ட பள்ளிக்கூடம் நிண்டுபோச்சு. எழுத்து தெரியும், பஸ் போர்ட், கலியாண கார்ட் எல்லாம் வாசிப்பா, ஒரு பக்கம் வாசிக்கிறதெண்டா களைச்சுப் போறா. இப்ப வாசிக்கோணும் எண்டு நல்ல ஆசை. மகன்ட கதைப் புத்தகத்தக் குடுத்தா "இது சின்னப்பிள்ளையளுக்கு" எண்டு வெக்கப்பட்டு வைச்சிடுறா. ரெண்டு பேருக்கும் என்ன குடுக்கலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஓய்வு_ரீச்சர்:
பிள்ளை, நான் ஆரம்பப் பிரிவில கனகாலம் படிப்பிச்ச ஆள். உங்கட மகன மாதிரிப் பிள்ளையள் ஒவ்வொரு வகுப்பிலயும் இருப்பினம். தமிழ்ல எழுத்த ஒருக்காப் பிடிச்சிட்டா அர்த்தம் தெரியாத சொல்லையும் பிழையில்லாம வாசிச்சிடலாம், அதால பிள்ளை நல்லா வாசிக்குது எண்டு வீட்டில இருக்கிற ஆக்களும் நம்பிடுவினம், ரீச்சர்மாரும் நம்பிடுவினம். அதோட வீட்டில கதைக்கிற தமிழ் வேற, புத்தகத்தில இருக்கிற தமிழ் வேற. புத்தகத் தமிழக் காதால கேட்டுப் பழகாத பிள்ளைக்கு வசனம் நீளமா வந்தா முதல் பாதி மறந்துபோகும்.

அதால முதல்ல நீங்கதான் அவனுக்கு வாசிச்சுக் காட்டோணும். தரம் 4 பிள்ளைக்கு இது எதுக்கு எண்டு யோசிக்காதீங்கோ, நல்லா வாசிக்கிற பிள்ளைக்கும் இது தேவை. படுக்க முதல் ஒரு பதினஞ்சு நிமிசம். நடுவில நிப்பாட்டி "இனி என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்" எண்டு கேளுங்கோ, பிழையாச் சொன்னாலும் திருத்தாதீங்கோ, மிச்சத்தக் கேட்டு அவனே கண்டுபிடிக்கட்டும். "வலை பழசு" மாதிரிப் பதில் வந்தா கோவப்படாம "எங்க இருக்கு, காட்டு பாப்பம்" எண்டு புத்தகத்தக் கையில குடுங்கோ. தேடித் தேடி வரிக்கு மேல விரல் வைச்சுக் காட்டோணும். அந்தத் தேடலிலதான் பிள்ளை உண்மையில வாசிக்குது.

புத்தகம் எடுக்கேக்க எதையாவது ஒரு பக்கத்தத் திறந்து வாசிக்க விடுங்கோ, அர்த்தம் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல மடக்கச் சொல்லுங்கோ. ஒரு பக்கத்தில அஞ்சு விரலும் மடங்கினா அந்தப் புத்தகம் இப்ப வேண்டாம். வாசிக்கத் தெரியுமோ எண்டு பாக்காதீங்கோ, அர்த்தம் சொல்லச் சொல்லிப் பாருங்கோ, எங்கட பிள்ளையளுக்கு அதுதான் சரியான அளவு. ஒரே புத்தகத்தத் திரும்பத் திரும்பக் கேட்டா தாராளமாக் குடுங்கோ.

கிண்ணியா_வாசகன்:
சகோதரி, உங்கட மச்சாள்ட கதைய வாசிக்க எனக்கு என்ட உம்மாட ஞாபகம்தான் வந்திச்சு. முதல்ல அவங்கட கண்ணக் காட்டுங்க. 90ல பள்ளிக்கூடம் போன ஆளெண்டா இப்ப நாப்பது தாண்டியிருக்கும், அந்த வயசில வெள்ளெழுத்து எல்லாருக்கும் வாறதுதான், கிட்டத்து எழுத்து மங்கினா ஆருக்கும் களைப்பு வரும், அத வாசிக்கத் தெரியாதது எண்டு அவங்களே நினைச்சுக்கொண்டு இருப்பாங்க. உம்மாவுக்குக் கண்ணாடி போட்டாப் பிறகுதான் பாதி வேல லேசாச்சு.

புத்தகத்துக்கு முதல் ஒரு கொப்பி வாங்குங்க. அவங்க வாயால ஒரு கதை சொல்லட்டும், உங்கட மகன் அத அவங்க சொன்ன மாதிரியே பெரிய எழுத்தில எழுதட்டும், பிறகு அவங்க அத வாசிக்கட்டும். எங்கட உம்மா முதல்ல சொன்னது, 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி பாதையில, அதான் சனத்த ஏத்தி இறக்கிற மிதவையில, ஏறி திருமலைக்குப் போற கதை. பாதை கரைக்கு வரும்வரைக்கும் சனம் வெயிலுக்க நிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போற ஆள் ஒரு பக்கம், மீன் பெட்டி ஒரு பக்கம். சொன்னது அவட வாய்ச் சொல்தானே, அடுத்த சொல் என்ன வரும் எண்டு அவவுக்கு முதலே தெரியும், அதால கண்ணும் வேகமா ஓடும். "கொ", "கோ" மாதிரிக் கொம்பும் அரவும் ரெண்டு பக்கமும் வாற எழுத்திலதான் தடக்குவா, அந்தச் சொல்லுகள மட்டும் தனியா எழுதிப் பழக்கினம். உங்கட மகனுக்கும் இது நல்லது, ஒராள் சொல்றதக் கேட்டு எழுதேக்க கதை எப்பிடிப் போகுது எண்டு அவனுக்கு விளங்கும்.

திருமலை_தம்பி:
அக்கா, காசில்லாமக் கிடைக்கிறதச் சொல்றன். பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் இணையதளத்தில தமிழ்ல கனக்கப் படக்கதை இருக்கு, நாலு லெவலாப் பிரிச்சு வைச்சிருக்கினம், டவுன்லோட் பண்ணிப் பிரிண்ட் எடுக்கலாம். தம்பிக்கு லெவல் 2ல தொடங்குங்கோ, லேசெண்டா மேல போகலாம். இந்தியத் தமிழ்தான், சில சொல் புதுசா இருக்கும், கேட்டாச் சொல்லிக் குடுங்கோ, காணும்.

மச்சாளுக்கு நூலகம் இணையதளம். 2005ல தொடங்கினது, எங்கட ஈழத்துப் புத்தகம், பழைய சஞ்சிகை, கோயில் மலர் எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கினம். கோணேஸ்வரத்தப் பற்றித் தேடிப் பாருங்கோ, தெரிஞ்ச இடத்தப் பற்றி எண்டா அவவுக்கு ஆர்வம் வரும், அதோட அது பெரியாக்கள் வாசிக்கிறது, வெக்கம் இல்ல. கொஞ்சம் பழகினாப் பிறகு எங்கட மூதூர் வ. அ. இராசரத்தினத்தின்ட சிறுகதையள். கடலும் தோணியும் எங்கட சனமும்தான், ஒரு இருப்பில முடிக்கலாம். ஸ்கேன் எழுத்து போனில சின்னனாத் தெரியும், முடிஞ்சா அந்தப் பக்கங்களப் பெருசாக்கிப் பிரிண்ட் போட்டுக் குடுங்கோ.

ஊரில இருக்கிற நூலகத்துக்கும் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா, புத்தகத்த அவையளே எடுக்கட்டும். ஒக்டோபர் வாசிப்பு மாதம், அந்த நேரம் பள்ளிக்கூடங்களிலயும் நூலகங்களிலயும் சிறுவருக்கு ஏதாவது நடக்கும்.

உப்புவெளி_அம்மா:
எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கண்ணப் பற்றி நாங்க யோசிக்கவே இல்ல, ஊசியில நூல் கோக்கவும் மகனத்தான் கூப்பிடுறவ. ரீச்சர் ஒரு சந்தேகம். டியூசன்ல சொல்லினம் ஸ்கொலஷிப் முடியும்வரைக்கும் கதைப் புத்தகம் வேண்டாம், பாஸ் பேப்பர், அதான் போன வருசங்களின்ட சோதினைப் பேப்பர், மட்டும் செய்யச் சொல்லி. இவருக்கும் அதுதான் சரியெண்டு நினைப்பு.

ஓய்வு_ரீச்சர்:
பேப்பர் செய்யட்டும் பிள்ளை, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா பந்திய வாசிச்சு விடை எழுதுற கேள்வியில வலைய ஏன் வித்தவர் எண்டு வந்தா எத்தின பேப்பர் செய்தும் அவன் "வலை பழசு" எண்டுதான் எழுதுவான். கணக்குக் கேள்வியும் வசனத்திலதான் வரும். பகல்ல பேப்பர், இரவில கதை, அந்தப் பதினஞ்சு நிமிசத்த ஆருக்கும் விட்டுக் குடுக்காதீங்கோ. ஒரு நாளைக்கு அவரையும் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, தகப்பன் வாசிச்சா ஆம்பிளைப் பிள்ளையள் நல்லாக் கேப்பினம். மச்சாளையும் பக்கத்தில இருத்துங்கோ.