புதருக்குள் ஆறுமணிக்குருவி: படத்தைத் தெளிவாக்க உதவுங்களேன்

நண்பர்களே, ஆறுமணிக்குருவியைப் படமெடுக்க முயல்கிறேன். சருகைக் கிளறிக்கொண்டு புதரடியிலேயே திரிகிறது. குரல் கொடுப்பதோ பெரும்பாலும் வெளிச்சம் மங்கிய விடியலிலும் அந்தியிலும். என் 400 மி.மீ. லென்ஸின் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/250 நொடி வைத்தாலே ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400-ஐத் தாண்டிவிடுகிறது. 1/60-க்கு இறக்கினால் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரடு) குறைகிறது, ஆனால் குருவி தலையைத் திருப்பியதும் முகம் மங்கிவிடும். ஃபோகஸும் பாதி நேரம் முன்னால் நிற்கும் புல்லையே பிடிக்கிறது.

ரா கோப்பாகத்தான் (கேமரா பதிவதை அப்படியே சேமிக்கும் வடிவம்) எடுக்கிறேன். எடிட்டிங்கில் நாய்ஸைக் குறைத்தால் இறகின் இழைகள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. பறவையை மாஸ்க் செய்து (மாற்றம் படாதபடி மறைத்து), பின்னணியில் மட்டும் குறைப்பவர்கள் உண்டா? எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்?

அப்புறம், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அது பெருந்தொல்லை.