அமெரிக்காவில் பார்ம்.டி. சேர்க்கை நேர்காணல்: புதிதாக வந்தவர்கள் எப்படித் தயாராக வேண்டும்

இந்தியாவில் பி.பார்ம். முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்தவர்களுக்கு முதல் ஏமாற்றம், வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்கள் இங்கே உரிமம் பெற முதலில் எழுத வேண்டிய எஃப்.பி.ஜி.இ.இ. தேர்வின் தகுதி விதியிலேயே காத்திருக்கிறது. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்வதால், நான்காண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உரிமத் தேர்வுப் பாதைக்குள் நுழைய முடிவதில்லை. ஆகவே பலரும் இங்குள்ள கல்லூரியில், மருந்தாளுநர் ஆவதற்கான பட்டமான பார்ம்.டி. படிப்பை முதலிலிருந்து தொடங்குகிறார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் பார்ம்காஸ் என்ற பொது இணையதளம் வழியாகப் போகும். முன்பு பல கல்லூரிகள் கேட்டுவந்த பி.சி.ஏ.டி. நுழைவுத் தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், மதிப்பெண் பட்டியலையும் கட்டுரையையும் தாண்டி உங்களை நீங்களே காட்டக் கிடைக்கும் இடம் நேர்காணல் ஒன்றுதான். இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த நம் பிள்ளைகளும் இதே நேர்காணலுக்குத்தான் போகிறார்கள் என்பதால், இதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

நாம் பழகிய வாய்மொழித் தேர்வில், தெரிந்த விடையைத் தயங்காமல் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும். இங்கே உங்கள் வேதியியல் அறிவைச் சோதிக்க யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அது விண்ணப்பத்திலேயே தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு நோயாளியிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள், சட்டமும் இரக்கமும் மோதும் இடத்தில் எந்த வரிசையில் யோசிப்பீர்கள், உங்களோடு வேலை செய்பவர் தவறு செய்தால் என்ன செய்வீர்கள் என்பவற்றையே அவர்கள் பார்க்கிறார்கள். முடிவை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுபவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதை உரக்கச் சொல்லிப் பழகுவதுதான் தயாரிப்பின் முக்கால் பங்கு.

நேர்காணல் இரண்டு வகைப்படும். ஒன்று, பேராசிரியர் ஒருவரும் பணியில் இருக்கும் மருந்தாளுநர் அல்லது மூத்த மாணவர் ஒருவரும் உங்களோடு அரை மணி நேரம் உரையாடும் பழைய முறை. மற்றொன்று எம்.எம்.ஐ. எனப்படும் பல சுற்று நேர்காணல். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உருவாகி, பிறகு மற்ற நலவாழ்வுப் படிப்புகளுக்கும் பரவியது. ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் ஒரு சூழ்நிலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும். வழக்கமாக இரண்டு நிமிடங்கள் படித்துச் சிந்திக்கலாம். பிறகு உள்ளே போய் ஐந்து முதல் எட்டு நிமிடங்கள் பேச வேண்டும். மணி அடித்ததும் அடுத்த அறை. ஒவ்வோர் அறையிலும் மதிப்பிடுபவர் வேறு ஒருவர் என்பதால், ஓர் அறையில் சொதப்பியது அடுத்தவருக்குத் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, முடிந்த அறையை அங்கேயே விட்டுவிட வேண்டும். கேள்விகளை வெளியில் சொல்லமாட்டேன் என்று முன்பே கையெழுத்து வாங்கும் கல்லூரிகளும் உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ‘சென்ற ஆண்டுக் கேள்விகள்’ பக்கம் போகாமலிருப்பதே நல்லது. தொழில்நெறியைச் சோதிக்கும் தேர்வுக்கு அப்படித் தயாராவதில் உள்ள முரண்பாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு சுற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இது நானே அமைத்த மாதிரிச் சூழ்நிலை. நீங்கள் மருந்துக் கடையில் பயிற்சி பெறும் மாணவர். இரத்த அழுத்த மாத்திரையை வாங்க வழக்கமாக வரும் முதியவர் இந்த முறை மிகத் தாமதமாக வந்திருக்கிறார். அறைக்குள், அந்த முதியவராக நடிப்பவர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். நம்மவர்களில் பெரும்பாலோர் உடனே, “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் பக்கவாதம் வரும்” என்று தொடங்கிவிடுவார்கள். சொல்வது மருத்துவ ரீதியாகச் சரிதான். ஆனால் அந்த முதியவர் இனி வாய் திறக்க மாட்டார். அதற்குப் பதிலாக, “உங்களைப் பார்த்துச் சில வாரங்கள் ஆகிவிட்டன, எப்படி இருக்கிறீர்கள்? மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டுவிட்டு, காத்திருங்கள். அந்தச் சில நொடி அமைதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதைப் பேச்சால் நிரப்பாதீர்கள். “விலை ஏறிவிட்டது, பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறேன்” என்று அவர் சொன்னால்தான் உண்மையான சிக்கல் மேசைக்கு வருகிறது. இப்போது அவர் சொன்னதை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், கண்டிக்காதீர்கள். பிறகு, பொறுப்பு மருந்தாளுநரிடம் தெரிவிப்பது, மருத்துவரை அழைத்து விலை குறைந்த மாற்று மருந்து உண்டா என்று கேட்பது, உதவித் திட்டங்களைத் தேடுவது என்று வழிகளை முன்வையுங்கள். முடிக்கும்போது, என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். நோயாளிக்குப் புரிந்ததா என்று அறிய இங்குள்ள மருந்தாளுநர்கள் கையாளும் முறை அது. மருந்தின் பெயர்கூடத் தெரியாமல் இத்தனையையும் செய்ய முடியும் என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் குறுக்கிடும் சுற்றுகளில் ஏதாவது ஒரு பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. வலி மாத்திரையை நாள் வருமுன்பே கேட்டு ஒருவர் கெஞ்சினால், ‘விதி இடம் தராது’ என்று கதவைச் சாத்துவதும் தவறு, பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடுவதும் தவறு. கூட்டாட்சிச் சட்டப்படி இரண்டாம் அட்டவணை மருந்துகளுக்கு, அதாவது அடிமையாக்கும் அபாயம் மிகுந்த வலி மாத்திரை போன்றவற்றுக்கு, ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) கிடையாது. எழுதியவர் மருத்துவராகவே இருந்தாலும், அந்தச் சீட்டு முறையான மருத்துவக் காரணத்துக்காக எழுதப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பு மருந்தாளுநருக்கும் உண்டு. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தாலே, மருத்துவர் எழுதியதை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமே மருந்தாளுநர் என்ற எண்ணம் உங்கள் பதிலில் தலைகாட்டாது.

“ஏன் பார்மசி?” என்ற கேள்வி நிச்சயம் வரும். மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற பதிலை அவர்கள் அன்று காலையிலேயே பலமுறை கேட்டிருப்பார்கள். பி.பார்ம். படித்தவர்களிடம் இதே கேள்வி, “ஏற்கெனவே படித்ததை ஏன் மறுபடியும்?” என்ற வடிவில் வரலாம். எஃப்.பி.ஜி.இ.இ. விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். குறைபட்டுக்கொள்ள அது இடமில்லை. உங்கள் படிப்பு மருந்து தயாரிப்பையும் பகுப்பாய்வையும் மையமாகக் கொண்டிருந்தது என்றால், நோயாளியோடு நேரடியாகப் பேசும் பயிற்சியையே இங்கே தேடுகிறீர்கள் என்பது மதிப்புள்ள பதில். திருமணம், குழந்தை, விசா ஆகிய காரணங்களால் விழுந்த இடைவெளியை மறைக்க முயல வேண்டாம். இரண்டு வாக்கியங்களில் நேராகச் சொன்னால் அது யாரையும் உறுத்தாது.

அந்தப் பதிலுக்கு எடை சேர்ப்பது, மருந்துக் கடையின் உட்பக்கத்தை நீங்கள் பார்த்திருப்பதுதான். வேலை அனுமதி இருந்தால், மருந்தாளுநருக்கு உதவியாக இருக்கும் டெக்னீஷியன் வேலை மிகச் சிறந்தது. எச்1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்4 விசாவில் படிக்கலாம், ஆனால் தனி வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை செய்ய முடியாது. அப்படிப்பட்டவர்கள் ஒரு மருந்தாளுநரிடம் கேட்டு, சில நாட்கள் உடனிருந்து வேலையைக் கவனிக்க முயலலாம். கவனித்ததை அன்றன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்த மருந்துக்காக மருந்தாளுநர் தொலைபேசியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்ற ஒரு சிறு நிகழ்ச்சி, பொதுவான வாக்கியங்கள் எதையும்விட நன்றாகப் பேசும்.

துறையின் நடப்புச் செய்திகளும் வேண்டும். ஓபியாய்டு மருந்து அளவு மீறியவரைக் காப்பாற்றும் நாலாக்ஸோன் மூக்குத் தெளிப்பு 2023-இல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதிக்கப்பட்டது, ஐம்பது மாநிலங்களிலும் மருந்தாளுநர்கள் தடுப்பூசி போடுகிறார்கள், அப்படியிருந்தும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பி பிரிவு அவர்களைச் சிகிச்சை வழங்குநராக அங்கீகரிக்கவில்லை, காப்பீட்டு நிறுவனங்களுக்காக மருந்துச் செலவை நிர்வகிக்கும் பி.பி.எம். இடைத்தரகு நிறுவனங்கள் கடைகளின் வருமானத்தை நெருக்குகின்றன என்பன போன்றவற்றில் இரண்டைப் பற்றியாவது சொந்தக் கருத்து இருக்கட்டும். பாரசிட்டமால், சால்பியூட்டமால் என்று பழகியவர்கள் அசிட்டமினோஃபென், அல்பியூட்டரால் என்ற அமெரிக்கப் பெயர்களுக்கு மாறிவிடுவதும் நல்லது.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். எனக்கு அது தேவையற்றதாகவே படுகிறது. வேகம்தான் நம் சிக்கல். தொலைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், பதற்றத்தில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது தெரியும். வீட்டாரோடு ஒத்திகை பார்ப்பதைவிட அறிமுகம் குறைந்த ஒருவரோடு பார்ப்பது பயன் தரும். வீட்டார் பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார்கள். காணொளி நேர்காணல் என்றால் கேமராவைப் பார்த்துப் பேசுங்கள். உடை விஷயத்தில், சாதாரணமான அலுவலக உடை போதும்.

கடைசியில், “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். மருந்தாளுநர் உரிமத் தேர்வான நேப்ளெக்ஸில் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை, அதை நடத்தும் என்.ஏ.பி.பி. அமைப்பே வெளியிடுகிறது, அதை முன்பே பார்த்துவிட்டு, விகிதம் குறைந்திருந்தால் அதற்கு என்ன செய்கிறார்கள் என்று பணிவாகக் கேட்கலாம். நான்காம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி இடங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பது குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி. உங்கள் விசா நிலையில், பயிற்சி பெறும் மாணவருக்கான (இன்டர்ன்) உரிமம் பெறுவது, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதது போன்றவற்றை நேர்காணல் அறையில் எடுக்காமல், சேர்க்கை அலுவலகத்துக்கும் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.